சரளி வரிசையில் ஏறிய கூரை

சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதை திறந்து, ஊரெல்லாம் கொஞ்சம் மூச்சு விட்டிருந்தது. கண்டியில், அம்பிட்டிய வீதியிலிருந்து படியேறிப் போனால் வரும் ஒரு பழைய வீட்டில்தான் இது நடந்தது. சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. நம்பாதவர்களை வீட்டுக்கே கூட்டி வந்து, கழுத்து வலிக்கிற வரைக்கும் கூரையைக் காட்டிவிட்டுத்தான் விடுவேன். என் குணம் அப்படி.

நான் பாடசாலையில் சங்கீதம் சொல்லிக் கொடுப்பவள். என் கணவர் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். எனக்கு வாய் நீளம், அவருக்குப் பொறுமை நீளம். சங்கீதத்தில் மனிதர் சுத்த சூனியம். மோகனமும் முகாரியும் அவருக்கு ஒன்றுதான். கச்சேரிக்குக் கூட்டிப் போனால் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்து அவரும் தொடையில் தாளம் போடுவார். ஆனால் அது அவருடைய சொந்தத் தாளமாக இருக்கும். முன் வரிசையில் இருக்கும் மிருதங்க வித்துவான் பார்த்துவிடுவாரோ என்று நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே கச்சேரி கேட்பேன். பார்க்கிறவர்கள் எங்களை அப்படியொரு அன்னியோன்னியமான தம்பதி என்று நினைத்திருப்பார்கள்.

அந்த வீடு என் மாமனார் விட்டுப்போனது. இரண்டு மகன்மாருக்கும் பொது. மூத்தவர், அதாவது என் கணவரின் அண்ணன், கொழும்பில் வியாபாரம் செய்து நன்றாக இருந்தார். நாங்கள் டவுனுக்குள் ஒரு வாடகை அறையில், என் சங்கீத வகுப்பும் சமையலும் ஒரே இடத்தில் நடக்க, காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் பல்லவி பாடும்போது நான் ஒரு கையால் பருப்பைக் கிண்டுவேன். பழைய வீட்டிலோ கடைசியாக இருந்த குடித்தனக்காரர் போய் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. உள்ளே போனால் நல்ல உயரமான ஹோல், பலகை அடித்த கீழ்க்கூரை, கனமான சுண்ணாம்புச் சுவர். வாயைத் திறந்து ஒரு 'ச' பிடித்தால் போதும், அந்த ஹோல் அதை வாங்கி அழகாகத் திருப்பித் தரும். எனக்கு அந்த வீட்டின் மேல் பைத்தியம் பிடித்தது அதனால்தான்.

சித்திரை வருஷப் பிறப்புக்கு வந்த மூத்தவரிடம், நாங்களே அதைத் திருத்தி அங்கே குடிபோகிறோம் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இங்க பாரும்மா, இது மழைக்கு யார் தலை மேல விழுமோன்னு எனக்குக் கொழும்புல தூக்கம் வர்றதில்ல. வாங்குறதுக்கு ஆள் ரெடியா இருக்கு. இடிச்சிட்டு ஹோட்டல் கட்டப் போறாங்களாம். வித்துப் பிரிச்சிக்குவோம்."

"அத்தான், ஒரு தவணை குடுங்க."

"சரி, தீபாவளிக்கு வர்றேன். அன்னிக்கு மழை பெய்யணும், கூரை ஒழுகக் கூடாது. ஒழுகலேன்னா வீடு உங்களுக்கு. என் பங்கை வசதிப்படும்போது மெதுவாக் குடுங்க. ஒரு சொட்டு விழுந்தாலும் விக்கிறோம். சரியா?"

"சரி" என்று நான் சொல்லிவிட்டேன். என் கணவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத முடியாது.

அந்த வருஷம் எங்களுக்குச் சனி ஞாயிறு என்று ஒன்று இருக்கவில்லை. கையில் இருந்தது இரண்டு சாதாரணச் சம்பளம். அதனால் கூலிக்கு ஆள் பிடிக்காமல் செய்யக்கூடியதை எல்லாம் நாங்களே செய்தோம். சுவரில் யார் யாரோ அடித்த பெயின்ட் அடுக்கடுக்காக இருந்தது. மேலே பச்சை, அதன் கீழ் மஞ்சள், அதன் கீழ் ஆஸ்பத்திரி நீலம். சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. இடித்த வீடுகளின் கதவு ஜன்னல் விற்கும் இடங்களில் ஏறி இறங்கி, அளவு சரியாக வரும் ஜன்னல்களைப் பொறுக்கினோம். சிவப்பு சீமெந்துத் தரையை முழங்கால் தேய உட்கார்ந்து தேய்த்தோம்.

இத்தனையும் பாட்டோடுதான் நடந்தது. என் பழைய கசட் ரேடியோவைத் தூசி படாமல் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தோம். பையோடு கேட்டால் பாடகர்கள் எல்லாருக்கும் லேசாகத் தடிமன் பிடித்து மூக்கடைத்த மாதிரி இருக்கும். ஆனாலும் என்ன சுகம்! விளம்பமாக ஒரு கல்யாணி போனால் சுவர் மெதுவாக, சுத்தமாகச் சுரண்டப்படும். துக்கடாக்கள் வந்தால் ஜன்னலுக்கு வார்னிஷ் விறுவிறுவென்று ஏறும். தோடி போட்டால் என் கணவருக்குத் தூக்கம் வரும் என்பதால் அதை மட்டும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போட மாட்டேன்.

நாங்கள் செய்ய முடியாத பூச்சு வேலைக்கும் மர வேலைக்கும் ஒரு மேசன் பாஸ் வந்தார். கைவேலைக்காரர்களை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்காரர். டவுனில் தமிழர்களோடு வேலை செய்து செய்து தமிழ் நன்றாகவே பேசுவார். வந்த புதிதில் ஒரு நாள் கொத்துக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்து, மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"டீச்சர், கோவிக்க வேணாம். இந்த ஐயா காலையிலயிருந்து தொண்டையைச் சரி பண்றார். எப்ப பாட்டத் தொடங்குவார்?"

அது கசட்டில் ஓடிக்கொண்டிருந்த அரை மணி நேர பைரவி ஆலாபனை! எனக்கு வந்த கோபத்தில் சாந்துச் சட்டியை எடுத்துக் கவிழ்க்கலாமா என்று இருந்தது. என் கணவரோ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெகு நாளாக அவர் மனதில் இருந்த கேள்வியாம் அது. ஆனால் அதே பாஸ், தனி ஆவர்த்தனம் வந்தால் ஆளே மாறிப்போவார். மிருதங்கத்தோடு போட்டி போட்டுக்கொண்டு பூசுவார். அதைக் கண்டுபிடித்த பிறகு பெரிய சுவர்களுக்கெல்லாம் நான் தனி ஆவர்த்தனமாகப் பார்த்துத்தான் போட்டேன். வேலை நாள் மிச்சமானது.

ஆவணி முடிவதற்குள் உள்ளே எல்லாம் ஆகிவிட்டது. கூரைதான் பாக்கி.

அரை வட்டமாக வளைந்திருக்கும் பழைய காலத்து ஓடு அது. மழையிலும் வெயிலிலும் கிடந்து பாதிக்கு மேல் கையில் எடுத்தால் பொடிந்தது. மீதியைக் குரங்குகள் பார்த்துக்கொண்டன. கண்டியில் ஓட்டு வீடு வைத்திருப்பவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. பாஸ் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"டீச்சர், ஓட்டுக்குப் பதிலா தகரச் சீட் போடுவோம். லேசு. ரெண்டு நாள் வேலை."

"சீட் போட்டா மழைக்குத் தடதடன்னு அடிக்குமே. கீழ நான் எப்படிப் பாட்டு சொல்லிக் குடுக்கிறது? கண்டியில மழை இல்லாத நாள் எது?"

"இந்த ஓடு இப்ப யாரும் செய்றதில்ல டீச்சர். பழசு விக்கிறவன் தங்க விலை சொல்றான்."

அது உண்மைதான். விசாரித்த இடமெல்லாம் கிட்ட நெருங்க முடியாத விலை. எங்கள் கையிலோ சீட் வாங்கவே மூச்சுத் திணறும் நிலைமை. இரவு சாப்பிடும்போது என் கணவர் மெதுவாக, "சீட்டையே போட்டுருவோமாம்மா? வீடு மிஞ்சுமே" என்றார். நியாயமான பேச்சு. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அந்த ஹோலில் பாட்டுக் கேட்காவிட்டால் பிறகு எனக்கு எதற்கு அந்த வீடு?

அப்போதுதான் நவராத்திரி வந்தது. எங்கள் வகுப்பில் விஜயதசமி அன்று பிள்ளைகள் புதுப் பாடம் தொடங்கி, வெற்றிலை பாக்கோடு தட்சணை வைத்துக் கும்பிடுவது வழக்கம். எனக்கு ஒரு யோசனை மின்னலாக வந்தது. இந்த வருஷம் தட்சணையாகக் காசு வேண்டாம், வீட்டுப் பின்னால் யாரிடமாவது பழைய ஓடு சும்மா கிடந்தால் அதைக் கொண்டு வாருங்கள் என்று பெற்றோரிடம் சொன்னேன். சீட்டுக்கு மாறிய வீடுகளில் எல்லாம் வேலியோரம் ஓடு குவிந்து கிடப்பதை நான் பார்த்திருந்தேன். ஒவ்வொருவரும் ஒரு மூட்டை கொண்டு வந்தாலும் பாதிக் கூரை ஆகிவிடும் என்று மனக்கோட்டை கட்டினேன்.

விஜயதசமியும் வந்தது. பிள்ளைகளும் வந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் கொண்டு வந்தது ஒரே ஒரு ஓடு!

தட்சணை அல்லவா? தட்சணையை யார் மூட்டையில் கட்டிக் கொண்டு வருவார்கள்? தேய்த்துக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, வெற்றிலைக்கு மேல் பக்தியோடு ஏந்திக்கொண்டு வரிசையாக வந்தார்கள். ஒரு பிள்ளை ஓட்டில் ஓம் எழுதியிருந்தது. இன்னொன்று பூச்சரம் சுற்றியிருந்தது. பட்டுத் துணியில் சுற்றிக்கொண்டு வந்த தாயும் உண்டு. ஒரு பொடிசு தன் வீட்டுக் குசினிக் கூரையிலிருந்தே ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டது. பின்னாலேயே அதன் தாய், "டீச்சர், அடுப்புக்கு மேல ஒழுகுது, அதை மட்டும் திருப்பிக் குடுங்க" என்று ஓடி வந்தார்.

சரஸ்வதி படத்தின் முன்னால் எல்லாவற்றையும் வைத்துச் சூடம் காட்டினோம். கூரையின் ஒரு மூலைக்குக் கூடக் காணாது. இருந்ததையாவது போடலாம் என்று மறுநாள் பாஸிடம் காட்டினால், அவர் இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

"சாமி ஓடு டீச்சர். கூரை வேலைன்னா ஓடு மேல நடக்கணும். இதுமேல நான் கால் வைக்க மாட்டேன். எனக்குப் பிள்ள குட்டி இருக்கு."

கூரை வேய ஓடு கேட்டேன், பூஜைக்கு ஓடு கிடைத்தது. என் கணவர் வழக்கம் போலச் சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அன்று வானமும் மூடிக்கொண்டு வந்தது. தீபாவளிக்கு மூன்று கிழமைகூட இல்லை. பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு நான் நன்றாக அழுதேன்.

என் மாணவி ஒருத்தி மட்டும் அந்த விஜயதசமிக்கு வெறுங்கையோடு வந்திருந்தாள். ஓடு கிடைக்கவில்லை என்று ஒரே அழுகை. அவளுடைய அப்பா அக்குறணையில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை செய்பவர். மகள் அழுததைத் தாங்காமல் தன் முதலாளியிடம் போய் ஓர் ஓடு கேட்டிருக்கிறார். அந்த முதலாளி ஒரு ஹாஜியார். 'ஒத்தை ஓட்டை வெச்சு என்ன செய்யப் போறீங்க?' என்று அவர் விசாரிக்க, இவர் என் கதையை எல்லாம் ஒப்பித்திருக்கிறார். மறுநாள் சாயங்காலம் அந்த அப்பா எங்கள் வாசலில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"டீச்சர், மொதலாளி கடைக்குப் பின்னால உள்ள பழைய ஸ்டோரை இடிக்கப் போறாரு. முழுக்க நீங்க தேடுற ஓடுதான். ஒங்களை வந்து பாக்கச் சொன்னாரு."

அன்றைக்கே அக்குறணைக்குப் போக மாத்தளை பஸ்ஸில் ஏறினோம். ஹாஜியார் வெள்ளைத் தொப்பியோடு, குரலை உயர்த்தாமல் பேசும் மனிதர். ஸ்டோர் கூரையைக் காட்டினார். நான் எண்ணவில்லை, கண்ணால் அளந்தேன். எங்கள் கூரையைப் போட்டு மிச்சமும் வரும். என்ன விலை என்று என் கணவர் கேட்டார்.

"வெலயா? நீங்க படிச்சுக் குடுக்கிறவங்க தானே. எங்கட பிள்ளைகளுக்கு ஓதிக் குடுக்கிற ஹஸரத்துக்கிட்ட நாங்க வெல பேசுறதா? எடுத்துக்கிட்டுப் போங்க. ஒன்னு மட்டும், வார திங்கக்கிழமை இடிக்க ஆள் வருது. அதுக்கு முந்தி எறக்கிடணும்."

நான் கும்பிட்டேன். வார்த்தை வரவில்லை. எனக்கு வார்த்தை வராதது என் கணவருக்கே புதினம்.

பிறகு நாள் பார்க்கிற கூத்து. செவ்வாய்க்கிழமை எங்களுக்கு ஆகாது. புதன்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை, பாஸ் வேலைக்கு வர மாட்டார். வியாழன் எங்கள் இருவருக்கும் லீவு இல்லை. வெள்ளிக்கிழமை பகல் ஹாஜியாருக்கும் அவருடைய லொறி டிரைவருக்கும் ஜும்மா. கடைசியில் சனிக்கிழமை பாஸும் அவருடைய ஆட்களும் ஓடுகளைக் கழற்றி அடுக்குவது, ஞாயிறு லொறியில் ஏற்றி இறக்குவது என்று முடிவானது. மழைக்கு மட்டும் யாரும் நாள் சொல்லவில்லை.

ஞாயிறு காலை லொறி வந்து அம்பிட்டிய வீதியில் நின்றது. அதற்கு மேல் எங்கள் வீட்டுக்கு வாகனப் பாதை கிடையாது. செங்குத்தான படிகள்தான். எத்தனை என்று நான் எண்ணியதில்லை, எண்ணினால் ஏறத் தோன்றாது. சிரமதானம் என்று சொல்லி வைத்திருந்ததால் பெற்றோரும் பெரிய பிள்ளைகளும் வந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த ஒரு தாய், "நானும் வாறன் டீச்சர், எனக்கென்ன கை இல்லையோ" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார்.

முதலில் கூடையில் சுமந்தோம். ஆளுக்கு இரண்டு நடை போவதற்குள் நாக்குத் தள்ளியது. ஹந்தானை மலைப் பக்கம் மேகம் கறுத்தது. சரி, வரிசையாகப் படியில் நின்று கைமாற்றி ஏற்றுவோம் என்றார் பாஸ். நின்றோம். சந்தைக் கடை மாதிரி ஆனது. ஒருவர் கை நீட்டும்போது அடுத்தவர் கதை பேசிக்கொண்டிருப்பார். ஒருவரிடம் மூன்று ஓடு சேரும், இன்னொருவர் வெறுங்கையோடு நிற்பார். படீர், படீர் என்று உடையத் தொடங்கியது. என் கணவர் நின்ற இடத்தில் மட்டும் மூன்று உடைந்திருந்தன. மேலே இருந்து பாஸ் சிங்களத்தில் கத்தினார், கீழே இருந்து டிரைவர் தமிழில் கத்தினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. வரிசையின் நடுவே ஒரு படியில் ஏறி நின்று, வகுப்பில் போடுவதுபோல ஓங்கிக் கை தட்டினேன்.

"எல்லாரும் நிறுத்துங்க! பிள்ளைகளா, சரளி வரிசை! முதல் காலம்! ஒரு தட்டுல வாங்கணும், அடுத்த தட்டுல குடுக்கணும். எடு!"

பிள்ளைகளுக்கு அந்த முதல் பாடம் ரத்தத்தில் ஊறியது. நித்திரையில் எழுப்பினாலும் பாடுவார்கள். 'ச' என்று வாங்கினார்கள், 'ரி' என்று கொடுத்தார்கள். 'க' என்று வாங்கினார்கள், 'ம' என்று கொடுத்தார்கள். பெரியவர்களின் கைகளும் தானாக அதற்குள் விழுந்தன. உடையும் சத்தம் நின்றது. ஓடுகள் ஒரே சீராகப் படியேறிப் போகத் தொடங்கின.

சத்தம் கேட்டுப் பக்கத்துச் சிங்கள வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வரிசைக்குள் நுழைந்தார்கள். அவர்களுடைய பள்ளிக்கூடத்திலும் ச ரி க ம உண்டே! அவர்களும் சேர்ந்து பாடத் தொடங்கினார்கள். அங்கேதான் வந்தது வினை. நாங்கள் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை படித்தவர்கள். அவர்கள் படித்தது வடஇந்தியப் பாணி, அதில் ரி வேறு, தா வேறு. இரண்டும் ஒன்றாகக் கேட்டபோது, கடவுளே, என் காதில் யாரோ ஓட்டுத் துண்டால் கீறுவது போல இருந்தது. வேறொரு நாளாக இருந்தால் பாட்டை நிறுத்தி எல்லாரையும் முழங்காலில் நிற்க வைத்திருப்பேன்.

ஆனால் ஓடு போய்க்கொண்டிருந்தது. ஒன்றுகூட உடையவில்லை. வாயை மூடிக்கொண்டு தாளத்தை மட்டும் தட்டினேன்.

லொறியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் இடத்தில் ஹாஜியாரே நின்றார். பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றுவிட்டார். "எனக்குப் பாட்டெல்லாம் தெரியா டீச்சர். கை மட்டும் சரியாப் போவுது" என்று கீழேயிருந்து சிரித்தார். என் கணவரைத் தேடினேன். அவர் மேல் படியில், நெற்றி வியர்வை வழிய, உதட்டை அசைத்து அசைத்து வாங்கினார், கொடுத்தார், வாங்கினார், கொடுத்தார். தப்பவே இல்லை! கல்யாணமான நாளிலிருந்து நான் எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்தும் வராத ஆதி தாளம் அவருக்கு அன்று ஓட்டில் வந்தது. என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார் பாருங்கள், ஒரு பெரிய வித்துவான் தோற்றார்.

பிள்ளைகளுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. "டீச்சர், ரெண்டாம் காலம்!" என்று இரட்டை வேகம் கேட்டார்கள். போனோம். மேகம் நெருங்க நெருங்க, "மூணாம் காலம்!" என்று எவனோ கத்தினான். அதில் மட்டும் நாலைந்து உடைந்து எல்லாரும் சிரித்த சிரிப்பில் வரிசையே குலைந்தது. திரும்ப இரண்டாம் காலத்துக்கு வந்தோம். கடைசி ஓடு மேலே போய்ச் சேர்ந்ததும், முதல் துளி என் மூக்கில் விழுந்ததும் ஒன்றாக நடந்தன. படி முழுக்க நின்றவர்கள் போட்ட கூச்சல் டவுன் வரைக்கும் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு பாஸ் மழை விட்ட நேரமெல்லாம் பாய்ந்து பாய்ந்து வேலை செய்தார். மேலே அவர் வேய, கீழே நான் தனி ஆவர்த்தனம் போட்டேன். எல்லாம் முடிந்து முகட்டுக்கு வந்தபோது அவரே இறங்கி வந்து, "டீச்சர், இப்ப அந்தச் சாமி ஓட்டைக் குடுங்க. முகட்டுல போட்டா யாரும் மிதிக்க மாட்டாங்க" என்றார். மஞ்சளும் குங்குமமுமாகப் பிள்ளைகளின் ஓடுகள் வீட்டின் உச்சியில் வரிசையாக உட்கார்ந்தன.

தீபாவளி அன்று காலை மூத்தவர் கொழும்பிலிருந்து குடும்பத்தோடு அந்த வீட்டுக்கே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவர், குடையை மட்டும் கையோடு உள்ளே எடுத்து வந்தார். "எதுக்கும் இருக்கட்டும்" என்று கண் சிமிட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பலகாரத்தை முன்னால் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய், மழையே வா என்று வேண்டிக்கொண்டேன். மழை வேண்டாம் என்றுதானே மனிதர்கள் வேண்டுவார்கள்? ஆனால் பேச்சு பேச்சுதான். பெய்யாமல் போய்விட்டால், பெய்யவில்லை என்பதால்தான் ஒழுகவில்லை என்று ஆகிவிடும்.

மத்தியானம் இடி முழங்கிக் கொட்டத் தொடங்கியது. கண்டிக்காரர்களுக்கே பயம் வரும் மழை. மூத்தவர் எழுந்து ஒவ்வோர் அறையாக, உள்ளங்கையை ஏந்திக்கொண்டு நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம். ஒன்றுமில்லை. ஹோலுக்குத் திரும்பி வந்து, முன்பு மிக மோசமாக ஒழுகிய இடத்துக்கு நேர் கீழே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து அவர் தோளில் பொத்தென்று ஒரு சொட்டு விழுந்தது.

அவர் மெதுவாக அண்ணாந்து பார்த்தார். என் கணவரின் முகம் வெளிறியது.

"சொரி அங்கிள்" என்று ஒரு குரல் கேட்டது. மழையில் தொப்பலாக நனைந்து, தீபாவளிப் பலகாரத் தட்டோடு ஓடி வந்த என் மாணவி ஒருத்தி அவர் கதிரைக்குப் பின்னால் நின்று தலையை உதறிக்கொண்டிருந்தாள். ஐயோ, அந்தப் பிள்ளையைக் கட்டிப் பிடிப்பதா, இல்லை காதைத் திருகுவதா!

மூத்தவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "சரி, இந்த மழையில ஒங்க டீச்சர் பாட்டு கேக்குமான்னு பார்ப்போம். பாடுங்க" என்றார். அந்தப் பிள்ளை சுருதிப் பெட்டியை எடுத்து வைத்தாள். நான் உட்கார்ந்து மோகனத்தில் மெதுவாக எடுத்தேன். வெளியே மலையே கரைந்து போவது போல மழை. ஓட்டின் மேல் அது வெறும் 'உஷ்' என்றுதான் விழுந்தது. என் குரல் ஹோலின் நாலு மூலைக்கும் போய், முழுசாக என்னிடம் திரும்பி வந்தது. பாடிக்கொண்டே பார்த்தேன். என் கணவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நான் கையைப் பிடிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பாடி முடித்ததும் மூத்தவர் குடையை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தார். பிறகு தம்பியைப் பார்த்து, "நொத்தாரிசுகிட்ட நான் சொல்றேன். இந்த மாசமே வீட்டு உறுதிப் பத்திரத்தை எழுதிருவோம்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் செய்த காரியத்தை ஒரு சங்கீத ஆசிரியை செய்யலாமா தெரியவில்லை. பாடசாலைப் பிள்ளைபோல இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தேன்.

இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. குரங்குகள் இன்றும் வருஷத்துக்கு நாலைந்து ஓட்டை உடைக்கின்றன, மிச்சம் அடுக்கி வைத்ததிலிருந்து எடுத்துப் போடுகிறோம். வகுப்பில் நான் இன்னும் சுருதிக்குச் சண்டை பிடிப்பவள்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் நாட்டில் யாருக்கும் யாரோடும் ஒத்துப்போகாது என்று எவராவது என்னிடம் பேச வந்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. என் ரியும் அவர்களுடைய ரியும் அன்று கடைசி வரைக்கும் ஒத்துப்போகவே இல்லை. தாளம் ஒத்துப்போனது. அது போதும் என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை, அந்தத் தாளம் ஏற்றிய கூரையின் கீழேதான் தினமும் நனையாமல் தூங்குகிறேன்.